இடுப்புக் கயிறு விவகாரம்

ஜவ்வாது மலை,
14-12-1958

மகா கனம் பொருந்திய மைத்துனர் கோபால்சாமி அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை சுந்தரம்மாளைக் கைப்பிடித்த ஒரே தகுதியால் உங்களுக்கு உறவாகிவிட்ட கிருஷ்ணன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கையும் நாயும் சுகம். எங்கள் மகள் காந்தாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஒடுகத்தூரில் நீங்களும் அக்காவும் மாப்பிள்ளை அர்ச்சுனனும் சுகமென்றே நம்புகிறேன். உடம்புக்கு முடியாதவர் பேனாவை அத்தனை அழுத்த முடியாது. உங்கள் கார்டின் பின்பக்கத்தை விரலால் தடவியே படித்துவிடலாம் போலிருந்தது.

முதலில் ஒரு விண்ணப்பம். இனிமேல் திட்டுவதானால் கவரில் வைத்துத் திட்டுங்கள். "நீ நெருப்பைக் கும்பிடும் மதத்தில் சேர்ந்துவிட்டாயாம், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாயாம், தை மாதக் கல்யாணத்தை நிறுத்தி வைக்கிறோம்" என்று திறந்த கார்டில் எழுதினால் அது மலையேறி வருவதற்குள் எத்தனை பேர் படிப்பார்கள்? இந்த மலையின் போஸ்ட் மாஸ்டர் என்ற முறையில் சொல்கிறேன், எல்லோரும் படிப்பார்கள். நானே படிக்கிறேனே! பை தூக்கி வந்தவன் கார்டை என்னிடம் நீட்டியபோதே அவன் முகத்தில் துக்கம் விசாரிக்கிற களை இருந்தது.

நடந்தது இதுதான். கார்த்திகை தீபம் கழிந்த மறுவாரம், வாணியம்பாடியிலிருந்து கடுக்காய் வாங்க வருவாரே அப்துல் கய்யூம் பாய், அவர் ஒரு பெரியவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். மதராஸில் இருக்கும் பார்சிக்காரர், பெஸ்தோன்ஜி என்று பெயர், எழுபது வயது, தும்பைப்பூத் தலை. எதற்கு வந்தார் தெரியுமா? அவர்கள் கோயிலில் நெருப்பு இரவு பகல் அணையாமல் எரிகிறதாம், அதற்குச் சந்தனக் கட்டைதான் காணிக்கையாம். "அறுபது வருசமா கட்டையக் குடுத்துனே கீறாராம், அந்த மரம் உசுரோட எப்டி இருக்கும்னு பாத்ததே இல்லியாம். கண்ண மூடறதுக்குள்ள பாக்கணுமாம், போஸ்ட் மாஸ்டர் சாப்" என்றார் கய்யூம் பாய். பயணியர் பங்களாவில் யாரோ அதிகாரி குடும்பத்தோடு இறங்கியிருந்ததால் விருந்தாளி நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நாலு நாள் இருந்தார். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு இந்துஸ்தானி வராது, நடுவில் கய்யூம் பாய் வாய் வலிக்க மொழிபெயர்த்தார்.

உங்கள் தங்கை வந்தவரைத் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை. "இன்னா சாமி கும்புடறாரு? நெருப்பயேவா கும்புடுவாங்க?" என்று ஆரம்பித்தாள். "நெருப்பு ஒரு அடையாளம்மா. சாமி ஒண்ணுதான், அஹுரா மஸ்தான்னு பேரு, அறிவே உருவான ஆண்டவன்னு அர்த்தமாம். நீங்க மலைமேல தீபம் பாத்துக் கையெடுக்கிறீங்களே, எண்ணெயவா கும்புடறீங்க, அண்ணாமலையத்தானே? அந்த மாதிரி" என்றார் பாய். அவள் அந்த நிமிடமே பெரியவரைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டாள்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன், மச்சான், ஊரில் யாராவது கேட்டால் நீங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டுமல்லவா. ஆதியில் ஈரான் தேசத்தில் ஜரதுஷ்டிரர் என்ற மகான் சொன்ன மதம். ரொம்பப் பழசு, மூவாயிரம் வருஷம் என்பாரும் உண்டு. உலகத்தில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஓயாத சண்டை. கெட்டதுக்குத் தலைவனாக அங்கிர மைன்யு என்று ஒருத்தன் இருக்கிறான். எந்தப் பக்கம் சேருவது என்பதை மனுஷன் தானே முடிவு செய்ய வேண்டும், கடைசியில் ஜெயிப்பது நல்லதுதான். "எப்ப ஜெயிக்குமாம், தைக்குள்ளயா?" என்று கேட்டாள் உங்கள் தங்கை. சட்டம் மூன்றே மூன்று: நல்லதை நினை, நல்லதைப் பேசு, நல்லதைச் செய். கேட்க அல்வா மாதிரி இருந்தது. மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து பரீட்சை செய்து பார்த்தேன். முதல் சட்டம் ஒன்பது மணிக்கு உடைந்தது, இரண்டாவது ஒன்பது ஐந்துக்கு. மூன்றாவது தப்பித்தது, அன்றைக்கு எதையும் செய்ய நேரமில்லாதபடி மணியார்டர் நிறைய வந்திருந்தது.

அவர்களுக்குப் பொய்தான் மகா பாவம். செத்த பிறகு ஒரு பாலம் தாண்ட வேண்டுமாம், நல்லவனுக்கு அது ராஜபாட்டையாக விரியுமாம், பொய்யனுக்குக் கத்தி விளிம்பாகச் சுருங்குமாம். உங்கள் தங்கை என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, "இப்பலேர்ந்தே வரப்புமேல நடந்து பழகிக்கோங்க" என்றாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், கேழ்வரகுக் களி எப்படி என்று பெரியவரைக் கேட்டுத் தொலைத்தாள். அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பாய் மென்று விழுங்கினார். "உப்பு பத்தலன்னு சொல்றாரும்மா." இருபத்திரண்டு வருஷமாக நான் அமிர்தம் அமிர்தம் என்று கட்டிக்காத்த கோட்டை ஒரே வாயில் இடிந்தது. அன்று முதல் அவர் எந்தப் பொரியலைக் கண்டாலும் அதன்மேல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டார், அது அவர்கள் வீட்டு வழக்கமாம். சனிக்கிழமை உங்கள் தங்கை ஒருபொழுது இருந்தபோது பதறிப்போனார். அவர்கள் மதத்தில் பட்டினி கிடப்பதே தப்பாம், சந்தோஷமாக இருப்பது கடமையாம். நான் பாயை அதை மட்டும் இரண்டு தரம் மொழிபெயர்க்கச் சொன்னேன்.

மரத்தைக் காட்டக் கூட்டிப் போனேன். பெரியவர் இலையை முகர்ந்தார், பட்டையை முகர்ந்தார், ஒரு மணமும் இல்லை. சந்தனம் உயிரோடு நிற்கும்போது மணக்காதே. "இத்தினியூண்டு மரமா!" என்று தன் பாஷையில் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்து, மரத்தைக் கொஞ்ச நேரம் தொட்டபடி நின்றார். அதைப் பார்த்ததில் எனக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று.

இப்போது விவகாரத்துக்கு வருகிறேன். அவர்கள் வெள்ளைச் சட்டைக்கு மேலே இடுப்பில் ஒரு கயிறு கட்டுவார்கள், எழுபத்திரண்டு கம்பளி இழையில் நெய்தது, மூன்று சுற்று. வெளிச்சத்தைப் பார்த்து நின்று, அவிழ்த்து, ஜபம் சொல்லித் திரும்பக் கட்ட வேண்டும். நாலாம் நாள் விடியற்காலை வாசலில் குளிருக்கு மூட்டிய நெருப்பின் எதிரே அவர் அப்படி நின்றார். பக்கத்தில் நான். எனக்கோ கடைவாய்ப் பல்லில் கொலைவலி, வாயையும் தாடையையும் சேர்த்துத் துண்டால் இறுக்கியிருந்தேன். வேட்டி நிற்காமல் தபால் பை கட்டும் சணல் கயிறு ஒன்றை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்தா புளிமூட்டையோடு இந்த ஊர் வேடியப்பன் சந்தைக்கு இறங்க வேண்டும்? "இன்னா சாமி, காலங்காத்தால ரெண்டு பேரும் இன்னா பண்றீங்கோ?" என்றான். வாய் கட்டியிருந்ததால் கையை மட்டும் தூக்கினேன். அவன் அதை ஆசீர்வாதமென்று எடுத்துக்கொண்டு, மூட்டையோடு குனிந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஒடுகத்தூர் சந்தையில் புளியைவிட நான் வேகமாக விலை போயிருக்கிறேன். அவன் கண்ணை நம்பிக் கல்யாணத்தை நிறுத்தலாமா, மச்சான்? அவனுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது.

தவிரவும், பெரிய சாட்சி ஒன்று சொல்கிறேன். அந்த மதத்தில் அவர்கள் வெளியாளைச் சேர்ப்பதே இல்லை. பிறந்தால்தான் உண்டு. நானே தலைகீழாக நின்றாலும் நடக்காது. ஆகவே தைரியமாகப் பந்தக்கால் நடுங்கள். காந்தா உங்கள் கார்டு வந்த நாளிலிருந்து மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டு யாரோடும் பேசுவதில்லை. அவளுக்குத் தெரிந்த மதம் அர்ச்சுனன் ஒருவன்தான். அது உங்களுக்கும் தெரியும்.

அக்காவுக்கு நமஸ்காரம், அர்ச்சுனனுக்கு ஆசிகள், உங்களுக்கு இவ்விரண்டும், கோபம் தணிய ஒரு படி மலைத்தேனும். நம் இரண்டு வீட்டு அடுப்பும் குறைவில்லாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
என்றும் பழைய மதத்திலேயே இருக்கும்
கிருஷ்ணன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெளியாளச் சேக்க மாட்டாங்கன்னு உங்குளுக்கு எப்டித் தெரியும்?" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் வில்லங்கமான கேள்வி. பெரியவரிடமே கேட்டேன், மச்சான். பட்டினி கிடையாது, சந்தோஷம் கடமை என்றதும் எனக்கு ஆசை வந்துவிட்டது, "எனக்கும் ஒரு கயிறு கிடைக்குமா?" என்று மூன்றாம் நாளே கேட்டேன். பெரியவர் என் தோளைத் தட்டினார். "பொறந்திருக்கணுமாம், சாப். இருக்கற எடத்துலயே நல்லவனா இருங்கன்றாரு, கஷ்டம் ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதானாம்" என்றார் பாய். மனசு கேளாமல் மறுநாள் சணல் கயிற்றை நானே கட்டிக்கொண்டு போய் நின்றேன். துண்டு, அவர்கள் பூசாரிகள் கட்டுவதுபோல, மூச்சுக்காற்று நெருப்பில் படக்கூடாது என்பதற்காக. எனக்குக் கடைசியாகப் பல்வலி வந்து ஆறு வருஷமாகிறது. வேடியப்பன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை, அவன் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஒரு மதமே என்னை வேண்டாமென்று அனுப்பிவிட்டது, மச்சான். அதே மாதத்தில் சம்பந்தியும் வேண்டாமென்றால் நான் எங்கே போய் நிற்பேன்?