ஆடிக் கிருத்திகைக்குள் காப்பாற்ற வேண்டிய தலை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஆடி 5

மதிப்பிற்குரிய மச்சான் இளஞ்செழியன் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஆதிலட்சுமியின் புருஷன் கலியபெருமாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். எங்கள் பையன் செம்மலின் தலை மட்டும் ஆபத்தில் இருக்கிறது. காரைக்காலில் அக்காவும் பிள்ளைகளும் முழு சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் தங்கை, "யாரு, எங்கண்ணனா? ஸ்பீக்கர்ல போடுங்க" என்கிறாள். அதனால்தான் கடிதம்.

செம்மலுக்கு முப்பத்தொன்று நடப்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயே மேட்டுப்பாளையத்தில் நல்ல கம்பெனி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, முன்னந்தலையில் முடியும் கிடையாது. மூன்று வீட்டில் பெண் பார்த்தோம். மூன்று வீட்டிலும் ஜாதகம் சேரவில்லை என்றார்கள், நாங்கள் ஜாதகமே கொடுக்காத வீடு உட்பட. கடைசி வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பையன் என் தலையை ஒரு தடவை பார்த்தான். நிலம் நீச்சு கொடுக்காவிட்டாலும் இந்த வழுக்கையையாவது கொடுக்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு அவனே தேடிப்பிடித்த வைத்தியம்தான் மீசோதெரபி. மெல்லிய ஊசியால் தலைத்தோலில் வைட்டமின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக இடம் இடமாக ஏற்றுவார்கள். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் எட்டுத் தடவை. டாக்டர் சரிதா ஒளிவு மறைவு இல்லாதவர். "வேர் உயிரோட இருந்தா தூண்டிவிடலாம். செத்த வேருக்கு நான் பொறுப்பில்ல" என்றார், துணைக்குப் போன என் தலையைப் பார்த்துக்கொண்டே. கிளினிக் இருப்பது பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஜூல் வீட்டு மாடியில். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களிடமெல்லாம் என்ன வியாதி என்று கேட்பார். நான் பையனுக்குப் பல்வலி என்று சொல்லிவைத்தேன். இறங்கும்போது தலையெல்லாம் சிவப்புப் புள்ளியோடு வந்த செம்மலைப் பார்த்து, "பல்லு ரொம்ப மேல ஏறிடுச்சோ?" என்றார். அது போதாதென்று அன்றைக்கு ஹெல்மெட் போடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் போலீஸ் வழிமறித்தது. பையன் குனிந்து தலையைக் காட்டினான். ஒரு போலீஸ்காரர் இன்னொருத்தரைக் கூப்பிட, இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அபராதம் போடலை, மச்சான். டாக்டர் அட்ரஸ் கேட்டு வாங்கிக்கிட்டாங்க.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு பூனைமுடி மாதிரி கிளம்பி, ஆறாவதில் வகிடு எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. இதற்கிடையில் வில்லியனூர் பெண் அபியைப் பார்த்தோம். பிடித்துப்போய், ஆவணி பத்தாம் தேதி நிச்சயம் என்றும் ஆயிற்று. ஊசி விஷயத்தை அங்கே நான் மூச்சு விடவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தபோதுதான் உங்கள் தங்கை குண்டைத் தூக்கிப் போட்டாள். முதல் ஊசி அன்றைக்கே மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டாளாம், பிள்ளைக்கு முடி முளைத்தால் அந்த முடியையே காணிக்கை கொடுக்கிறேன் என்று!

"முளைக்கணும்னு வேண்டிக்கிட்டு முளைச்சதையே சிரைப்பாங்களாடி?"

"பின்ன வேற என்னத்தக் குடுக்கறது? அவர் குடுத்தத அவருக்குக் குடுக்கறோம்."

"குடுத்தது டாக்டரம்மாடி!"

"ஊசிய அவங்க போட்டாங்க. முளைக்க வெச்சது யாரு?"

நுனியில் கொஞ்சம் வெட்டிப் பூமுடி கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். அது பெண்களுக்காம். கல்யாணத்துக்கு அப்புறம் கொடுக்கலாமே என்றேன். நேர்த்திக்கடனைப் பாக்கி வைத்துக்கொண்டு தாலி கட்டினால் குடும்பம் விளங்குமா என்று அழுதாள். அப்படியானால் என் தலையை எடுத்துக்கொள்ளச் சொல் என்றேன். "சாமிகிட்ட விளையாடாதீங்க" என்றாள். டாக்டருக்குப் போன் போட்டு மொட்டை அடிக்கலாமா என்று கேட்டேன். "சார், அதுக்கா இவ்ளோ பாடுபட்டு வளர்த்தோம்?" என்றார். ஆடிக் கிருத்திகை அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு மயிலத்தில் மொட்டை என்று முடிவாகிவிட்டது. பையன் பைக்கையே துடைச்சுக்கிட்டு இருக்கான். எனக்குத் தூக்கமே போயிடுச்சு.

மச்சான், அவள் உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பாள். நீங்கள் தாய்மாமன். நீங்கள் வந்து, கல்யாணம் முடியட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முப்பத்துமூன்று வருஷத்தில் உங்களை நான் ஒன்றும் கேட்டதில்லை. பையன் கண்ணாடி முன்னால் சீப்போடு நின்றதை ஆறு வருஷம் கழித்து இந்த மாசம்தான் பார்த்தேன். அன்னிக்கு அவன் விசிலடிச்சான், மச்சான். அந்தச் சந்தோஷத்த மட்டும் புடுங்க வேணாம்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் அவரவர் தலையில் உள்ளது உள்ளபடி நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
கலியபெருமாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் செம்மல் உள்ளே வந்தான். தலையில் சந்தனம். விடியற்காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு மயிலம் போய்விட்டு வந்திருக்கிறான். "கல்யாணத்தன்னிக்கு அம்மா பயந்துகிட்டே நிக்க வேணாம்பா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கிருந்தே அபிக்குப் போட்டோ அனுப்பினானாம். "நல்லாத்தான் இருக்கு. இனிமே ஊசி வேணாம், இப்படியே இருங்க" என்று பதில் போட்டிருக்கிறாள். பெண் பார்க்கப் போன அன்றைக்கே உங்கள் தங்கை அவர்கள் சமையல்கட்டில் உட்கார்ந்து ஊசி, வேண்டுதல், சொல்தா ஜூல் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டாளாம். அதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொன்னார்களாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

ஆகையால் நீங்கள் நிச்சயத்துக்கு வந்தால் போதும். எட்டில் இரண்டு ஊசி மீதி இருக்கிறது. உறையை ஒட்டாமலே கிளினிக்குக்குப் போய், வீட்டில் வேறு யாராவது போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். டாக்டர் என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, காதோரம் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என் பெயரைப் பதிந்திருக்கிறேன். இது மட்டும் உங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம். மறுபடியும் வேண்டிக்கொள்வாள்.