தண்ணீர் டேங்குக்குப் போட்ட சாமந்தி மாலை

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும் மூடி வைப்பதுமாகவே சில வருடங்கள் ஓடிவிட்டன. வெட்கம் ஒரு பக்கம். சாமி காரியத்தைச் சிரிப்பாக எழுதினால் முருகன் கோபித்துக்கொள்வானோ என்ற பயம் இன்னொரு பக்கம். போன கிருத்திகைக்குக் கோயிலில் நின்றபோது, யாரோ ஒருவர் என் கதையை என்னிடமே சொன்னார். அதில் நான் கம்ப்யூட்டருக்கு மொட்டை அடித்திருந்தேன். (அதற்கு எங்கே முடி?) இனிப் பொறுப்பதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர்க் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பம்பு ஆபரேட்டர். முன்பெல்லாம் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, டேங்குக்குள் எட்டிப் பார்ப்போம். குறைந்திருந்தால் மோட்டாரைப் போடுவோம், நிறைந்தால் நிறுத்துவோம். சுவரில் முள் வைத்த பெரிய மீட்டர்கள் இருந்தன. அவற்றில் பாதி, என் கல்யாணத்துக்கு முன்பே நின்றுபோனவை. விரலால் தட்டினால் ஒரு முள் மட்டும் மரியாதைக்கு ஆடும்.

அதையெல்லாம் கழற்றிவிட்டுப் புதுசு வைத்தார்கள். வைக்க வந்த இன்ஜினியர் கவிதா, என் மகள் வயசுப் பெண். டேங்க் மூடிக்கு அடியில் கிண்ணம் அளவில் ஒரு கருவியைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். அது நம் காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தைக் கீழே அனுப்புமாம். தண்ணீரில் பட்டு அது திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லுமாம். நிறைந்தால் மோட்டார் தானாக நிற்கும், குறைந்தால் தானாக ஓடும், நம் செல்போனுக்கும் செய்தி வரும்.

"இனிமே மேல ஏறிப் பாக்க வேணாங்கண்ணா. ஸ்கிரீன பாத்தா போதும்" என்றார்.

நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அது ஓட ஆரம்பித்த வாரத்தில்தான் என் மகள் செல்விக்கு நிச்சயதார்த்தம். காரிமங்கலத்து மாப்பிள்ளை, நல்ல இடம். அன்று எனக்கு லீவு. ஆனாலும் விடிந்ததும் குளித்துவிட்டு நிலையத்துக்குப் போனேன். டிராக்டரோ மோட்டாரோ, புதுசாக ஒன்று வந்தால் பூ வைக்காமல் ஓட்டுகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அந்தக் கருவிக்கு யாரும் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை என்பது என் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. நிச்சயத்துக்கு வாங்கிய சாமந்தி மாலைகளில் பெரியதாக ஒன்றைக் கொண்டுபோய், மூடியைத் திறந்து, கருவியைப் பிடித்திருக்கும் கம்பியில் மாட்டினேன். அதன் அடியில் ஒரு எலுமிச்சம்பழம். "முருகா, ஊருக்கும் எம் பொண்ணுக்கும் தண்ணி கஷ்டம் வரக் கூடாது" என்று கும்பிட்டு மூடிவிட்டேன். இதழ் ஒன்றுகூடத் தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொண்டேன். (அவ்வளவு விவரம்.)

ஏணியை விட்டு இறங்குவதற்குள் போனில் செய்தி: டேங்க் நிறைந்துவிட்டது. கும்பிட்ட கை காயவில்லை, அதற்குள் பலன். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று முகூர்த்த நாள். ஊரில் பல வீடுகளில் விசேஷம், எல்லாக் குழாயும் திறந்தே கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த நேரத்தில், என் மனைவி சரோஜா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"என்னாங்க, குழாயில காத்துதான் வருது."

"சும்மா இரு. டேங்க் நெறஞ்சி நிக்குது. இதோ பாரு, மெசேஜ்."

"மெசேஜ ஊத்தி சோறு வடிக்கட்டுமா?"

அதற்குப் பிறகு நான் உட்காரவில்லை. குழாயிடம் போவேன், திருகுவேன், அது இருமும். போனைப் பார்ப்பேன், நிறைந்திருக்கும். பந்தலுக்கு வந்து சிரித்துவிட்டு மறுபடி குழாய்க்கு ஓடுவேன். டூட்டியில் இருந்தவரைக் கூப்பிட்டேன். "ஸ்கிரீன்ல கழுத்து வரைக்கும் நீலமா நிக்குதுப்பா" என்றார். அப்புறம் என்ன, கோளாறு குழாயில்தான். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாசல் குழாயை ஸ்பானரால் தட்டிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் பெரியம்மா பந்தலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி யோசித்தார்: "தண்ணி இல்லாத ஊர்ல பொண்ணெடுத்துட்டு, தலப்பிரசவத்துக்கு இங்க எப்பிடி அனுப்பறது?"

செல்வியின் முகம் சுருங்கிப் போனது. தட்டு மாற்றுகிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பலகாரம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்து நின்ற மாப்பிள்ளையின் அப்பா, "சம்பந்தி, நீங்கதான் ஊருக்கே தண்ணி வுடறவருன்னு சொன்னாங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து, தர்மபுரி ஆபீஸ் ஸ்கிரீனில் எங்கள் டேங்கைப் பார்த்துவிட்டுக் கவிதா கூப்பிட்டார்.

"அண்ணா, ஊருக்குத் தண்ணி போவுதா?"

"டேங்க் நெறஞ்சிருக்குங்க மேடம்."

"அதான் கேக்கறேன். காலையிலேர்ந்து லெவல் எறங்கவே இல்ல. ஊரே புடிச்சும் கொறையாத டேங்க் எங்கண்ணா இருக்கு? மூடியத் தொறந்து கண்ணால பாருங்க."

(கண்ணால் பார்க்க வேண்டாம் என்றதும் அதே வாய்தான்.) நான் ஓட ஆரம்பித்ததைப் பார்த்து, மாப்பிள்ளை சதீஷ் வண்டியை எடுத்தார். "ஏறுங்க மாமா." வழி முழுக்க முருகா முருகா என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஏணியில் ஏறி மூடியைத் திறந்தோம். கீழே டேங்கின் தரை தெரிந்தது. மேலே, கருவியின் வாய்க்கு நேராக, என் மாலை கம்பீரமாகத் தொங்கியது. கருவி போட்ட சத்தமெல்லாம் சாமந்தியில் பட்டு உடனே திரும்பியிருக்கிறது. தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டதென்று நம்பி, அது மோட்டாரை நிறுத்திவிட்டது.

சதீஷ் மாலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு மாமா போட்டது?"

"சாமிக்குப் போட்டது."

"சாமி உள்ளயா இருக்குது?"

மாலையைக் கழற்றியதும் மோட்டார் தானாக உறுமியது. "யாருகிட்டயும் சொல்லாதீங்க மாப்ள" என்று கெஞ்சினேன். "ச்சே, சொல்லுவனா" என்றார். எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டார்.

சதீஷின் அப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். "மிசினுக்கே இம்மாம் பெரிய மாலை போடற மனுசன், எம் புள்ளைய வெறுங்கழுத்தாவா வுட்டுருவாரு? தட்ட எடுங்கப்பா." பெரியம்மாவே சிரித்துவிட்டார். கடைசியில் குழாய் இருமித் துப்பித் தண்ணீர் விட்டபோது, தட்டு மாற்றி முடிந்திருந்தது.

மறுநாள் கவிதா வந்தார். திட்டவில்லை. டேங்குக்கு வெளியே கைப்பிடிக் கம்பியில் ஒரு கொக்கி மாட்டி, பக்கத்தில் "பூ இங்கே போடவும்" என்று பெயின்ட்டால் எழுதிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் அங்கேதான் போடுகிறேன்.

கல்யாணத்தன்று நான் மாலையோடு போனதும் சதீஷ் ஓரடி பின்னால் போனார். "மாமா, வாய்க்கு நேரா தொங்க வுடாதீங்க. பசிச்சாலும் வயிறு நெறஞ்சிருச்சின்னு சொல்லிரப் போறேன்." இன்றைக்கும் வீட்டில் கேஸ் தீர்ந்தால் சரோஜா என்னைத்தான் பார்க்கிறாள். "ஒரு மாலை போடுங்க, நெறஞ்சிரும்."

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். மாலை ஒன்றுதான். மொட்டை கிடையாது. முருகன் மேல் ஒரு குறையும் இல்லை. பெண்ணுக்குத் தண்ணீர்க் கஷ்டம் வரக் கூடாது என்று அவனிடம் கேட்டேன். காரிமங்கலத்தில் அவள் வீட்டுக் குழாயில் இன்றுவரை தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.