என்னை ‘லுக் ஆஃப்டர்’ செய்த மூன்று நாட்கள்

ஆலங்குடா
14.09.2014

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய அல்பொன்சா அக்காவுக்கு,

தம்பி நிக்கொலஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நால்வரும் சுகம். சிலாபத்தில் அத்தானும் உங்கள் முழங்காலும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் சொன்னால் டொறத்திக்குக் கேட்கும் என்பதால் கடிதம்.

சைப்பிரசில் ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலைக்கு டொறத்தி எழுதிப்போட்டது உங்களுக்குத் தெரியும். கிழவியின் மகள் போனில் கேட்கப்போவது ஒரே கேள்வி, என் அம்மாவை ‘லுக் ஆஃப்டர்’ செய்வாயா என்பதுதான் என்று ஏஜென்சிக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் மகள் மெரினா அகராதியைப் பார்த்து, பராமரித்தல், கவனித்துக்கொள்ளுதல், பொறுப்பாயிருத்தல் என்று எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள். அன்றிலிருந்து என் மனைவி டொறத்தி அடுப்பில் கொதிக்கும் சொதியை லுக் ஆஃப்டர் செய்தாள், கோழியை லுக் ஆஃப்டர் செய்தாள், பிறகு பழகுவதற்கு ஒரு கிழவி வேண்டுமென்று என்னைப் பிடித்துக் கட்டிலில் போட்டாள். சூடை மீன் அள்ளுப்பட்ட நாட்கள் அக்கா, ஊரே கடலில் நிற்கிறது, நான் போர்வைக்குள் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன். எழும்பினால் “மம்மி, ஸ்லீப்” என்று தோளைப் பிடித்து அமுக்குகிறாள். பக்கத்து வீட்டு யூஜீனியா எட்டிப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு ஓடியிருக்கிறாள். பின்னேரம் பங்குச் சுவாமி, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயோடு வந்து நிற்கிறார்.

“எத்தின நாளா இப்பிடிக் கிடக்கிறார்?”

“மூண்டு நாள் சுவாமி. அவருக்கு ஒண்டுமில்ல, நான் பழகுறன்.”

சுவாமி எண்ணெயை மூடி வைத்துவிட்டு, அவளுக்காக ஒரு செபம் சொல்லிப் போனார்.

போன கிழமை கிழவியின் மகள் பேசினார். டொறத்திக்குப் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. நோயில் கிடக்கும் வருத்தக்காரர் என்றால் நம் ஆட்கள் முதலில் கேட்பதையே இவளும் கேட்டாள்: “மம்மி டுடே வாட் ஈட்?” அந்தப் பக்கம் அவர் வேறு யாரையோ கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது. பெற்ற மகளுக்கே அது தெரியவில்லை போலிருக்கிறது. அடுத்த மாதமே வரச் சொல்லிவிட்டார்.

எனக்குச் சந்தோஷம்தான். மெரினாவையும் சின்னவன் கெவினையும் நான் பார்த்துக்கொள்வேன். நீங்கள் அந்த முழங்காலோடு பஸ் ஏறி வர வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம். புனித அன்னம்மாள் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

பாசமுள்ள தம்பி,
நிக்கொலஸ்

பி.கு.: வாருங்கள் அக்கா. மெரினாவுக்குத் தலை பின்னக்கூட எனக்குத் தெரியாது. சமாளிப்பேனா என்று டொறத்தி தினமும் இங்கிலீஷில் கேட்கிறாள். “யெஸ், ஐ லுக் ஆஃப்டர்” என்று சொல்லிவிடுகிறேன். இன்று காலை தமிழில் கேட்டாள்: “பிள்ளையள பாத்துக்கொள்ளுவீங்களா?” வலையைப் பார்க்கப் போவதுபோல் எழும்பி வெளியே வந்து, தோணிக்குப் பின்னால் இருந்து இதை எழுதுகிறேன்.