சுவரை விட்டுத் தள்ளி

சோபா படுக்கையறை வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே மாட்டிக்கொண்டது. அந்தப் பக்கம் பல் டாக்டர், இந்தப் பக்கம் அவர் மனைவி.

"ஏங்க, கொஞ்சம் சாய்ச்சுத் தள்ளுங்க."

"தள்றேன், தள்றேன். நீ கால்ல போட்டுக்காதே."

அலமாரியை ஒரு ஜாண் நகர்த்தச் சொன்னாலே இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் மனிதர் அவர். இன்றைக்கு அவருக்கு என்ன வந்தது? ஹாலில் நிற்கிறதே, அது வந்தது. ஆள் உயரத்துக்கு, கதவுப் பலகை மாதிரி மெலிசாக இரண்டு ஸ்பீக்கர்கள்.

நாள் முழுக்க ஊரார் கடைவாயில் மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு அவர் காது நொந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் பாடுகிறவர் எதிரே வந்து நின்று பாடுவது போல் பாட்டுக் கேட்க வேண்டும். அதற்குப் பெட்டி ஸ்பீக்கர் உதவாது, பலகை ஸ்பீக்கர்தான் லாயக்கு என்று பல வருஷமாகப் படித்து வைத்திருந்தார். மனைவியிடம் சொல்லத்தான் பயம்.

ஒரு நாள் துணிந்து சொல்லியே விட்டார். கணக்கு டீச்சரான அவர் மனைவிக்குக் கோபமே வரவில்லை!

"கீழ் வீட்டு வக்கீலம்மா ஒரு கடை சொன்னாங்க. ஒரு வாரம் சும்மாவே கொடுத்துக் கேட்டுப் பார்க்கச் சொல்வாங்களாம். ஆனா ஒண்ணு, எனக்குப் பிடிக்கலைன்னா திரும்பிப் போயிடணும்."

கடையில் இரண்டு ஜோடி இருந்தன. பலகையின் முதுகுப் பக்கமும் சத்தம் வருமாம். ஒல்லி ஜோடி இருக்கிற இடத்தில் சமாளித்துக்கொள்ளும். அகல ஜோடியைச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளி வைக்க வேண்டும், சுற்றிலும் தாராளமாக இடம் வேண்டும். டாக்டரின் கண் அகலத்தில் இருந்தது, கை மட்டும் ஒல்லியைக் காட்டியது.

"பெரிசையே எடுங்க. ஆசைப்பட்டா முழுசா ஆசைப்படணும்" என்றாள் மனைவி.

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மகராசி யாருக்குக் கிடைப்பாள்!

சோபா ஒருவழியாக உள்ளே போனதும் வயலின் போட்டார். அடேயப்பா! வில் தந்தியில் உரசுவதுகூடக் கேட்டது. கூடவே ஷோகேஸில் இருந்த கோப்பைகளும் கிணுகிணுவென்று தாளம் போட்டன. ஷோகேஸ் சமையலறைக்குப் போனது. அது நின்ற இடத்தில் மட்டும் சுவர் பளிச்சென்று வேறு நிறத்தில் இருந்தது. சமையலறையிலோ ஃப்ரிட்ஜ் கதவு பாதிதான் திறந்தது. பாலைக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டியிருந்தது.

வலது பக்கம் கொஞ்சம் மந்தமாகக் கேட்கிறதே என்றார். சாப்பாட்டு மேஜை பால்கனிக்குப் போனது. அன்று ராத்திரி தூறல் விழ, இருவரும் தட்டுக்கு மேல் குடை பிடித்துச் சாப்பிட்டார்கள். அவள் முகம் சுளிக்கவில்லை.

இவ்வளவு இடம் கிடைத்தும் நிம்மதி இல்லை. காலி ஹால் கணீர் கணீரென்று எதிரொலித்தது. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பழைய போர்வையெல்லாம் தரையில விரிச்சா அடங்குமோ?" என்று கேட்டுவிட்டு, மூலை முடுக்கு விடாமல் அவளே விரித்தாள். "சுவர்ல அந்தக் கடிகாரம் வேற டிக் டிக்னு. போட்டோவெல்லாம்கூடக் கழட்டிடுங்க. ஆணியையும் சேர்த்து."

"ஆணி என்ன பண்ணும்?"

"சத்தத்தைச் சிதறடிச்சாலும் சிதறடிக்கும். பல்லையே பிடுங்கற உங்களுக்கு ஆணி ஒரு பெரிய விஷயமா?"

இவளுக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தோமே என்று வெட்கப்பட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

சனிக்கிழமை சாயங்காலம், ஹாலில் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் மனைவியை உட்கார வைத்தார். ஒரு பெண் குரல் எழுந்தது. பலகைகள் இரண்டும் மறைந்துபோய், நடுவில் யாரோ நின்று பாடுவது போலவே இருந்தது.

"பாடறவங்க மூச்சு விடறதுகூடக் கேட்குதுங்க" என்றாள் அவள். பாட்டு முடிந்தும் எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வாசல் மணி அடித்தது. கெடு முடிந்துவிட்டது, கடைக்காரர்கள்தான்! டாக்டர் ஓடிப் போய் இரண்டு பலகைகளுக்கும் முன்னால் கையை விரித்து நின்றார்.

"கொடுத்துடணுமா?"

மனைவி வாசலைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள், ஏதோ யோசித்தாள். "வேண்டாம். நமக்கே இருக்கட்டும், வாங்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

வந்தவர் தோளில் ஏணி, கையில் வாளி.

"பெயிண்டர் சார். அம்மா இன்னைக்கு வரச் சொல்லியிருந்தாங்க." அவர் சுற்றிலும் பார்த்துப் பூரித்துப் போனார். "ஆஹா, ஒரு ஆணி இல்லை, தரையெல்லாம் துணி விரிச்சாச்சு. ஹாலைக் காலி பண்ணினா இப்படிப் பண்ணணும்!"

"எல்லாம் இதுக்காகத்தான்பா" என்று டாக்டர் பெருமையாகப் பலகையைத் தட்டிக் காட்டினார். "இனிமே இது இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகாது."

பெயிண்டர் வாளியைத் தொப்பென்று கீழே வைத்தார்.

"என்னம்மா இது, கீழ் வீட்டு வக்கீல் சாரை ஹாலைக் காலி பண்ண வச்சதும் இந்த ஜோடிதான், இதை நீங்களே வச்சுக்கிட்டா, அடுத்த வாரம் எதிர் வீட்டு ஹாலை யாரு காலி பண்றது?"