நாலு சக்கரத்துக்கும் காற்று

நிறையப் படிப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் படித்ததை உடனே எங்காவது பயன்படுத்திவிட வேண்டும் என்று கை அரிக்கிறபோது, பக்கத்தில் பிறத்தியார் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. 1988-இல் எனக்குக் கை அரித்தது. பக்கத்தில் ஒரு ரிமோட் கார் இருந்தது.

(இது ஆடி அமாவாசையன்று நடந்ததாக என் அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். தவறு. அமாவாசையென்றால் மேல்மலையனூர் போகிற கூட்டத்தில் செஞ்சி பஸ் நிலையத்தின் பக்கம் காலை வைக்க முடியாது. நானோ அன்று பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த சைக்கிள் கடையில் நிம்மதியாக உட்கார்ந்து என் எதிர்காலத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே அது அமாவாசைக்கு அடுத்து வந்த சனிக்கிழமை.)

பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்த காலம். அக்காவின் கணவரான மாமா மஸ்கட்டில் ஒரு லாரி கம்பெனியில் இருந்தார். விடுமுறைக்கு வந்தவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "எங்க எஞ்சினியரும் லீவுல வந்துக்கிறாரு மச்சான். பாண்டிச்சேரிக்காரரு. டயர் செக்‌ஷனுக்கு ஒரு ஆளு வேணுமாம். கோட்டையப் பாக்க இங்க வராரு. நீ மட்டும் ஒழுங்கா நடந்துக்கோ, விசா வந்துட்டதா நெனச்சுக்க."

நான் நூலகத்துக்கு ஓடினேன். ரப்பர் மரத்தில் பால் வடிப்பதில் தொடங்கி, லாரி டயர் வெடிப்பது வரை கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த வாரக் கடைசியில் டயரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுதான்: டயர். அதை நான் தொட்டதில்லை.

எஞ்சினியர் மனைவியோடு வந்து இறங்கினார். எங்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு, தம் காரின் பின்பக்கத்தைத் திறந்து முழ நீளத்தில் இன்னொரு காரை எடுத்தார். சிவப்பு நிறம். கொழுத்த கறுப்பு டயர்கள். கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு விசையை அசைத்தார். அது தெருவில் சீறிப் பாய்ந்தது. கோழிகள் கூரையேறின. குழாயடிச் சேற்றில் இறங்கி ஏறித் திரும்பி வந்து அவர் காலடியில் நின்றது.

"பொம்மைதான?" என்றார் என் நைனா.

"பொம்மை இல்லிங்க. இது ஹாபி," என்றார் எஞ்சினியர், சற்று வருத்தமாக. பிறகு என்னைப் பார்த்தார். "நாங்க பனமலை, மண்டகப்பட்டு எல்லாம் பாத்துட்டுத் திண்டிவனத்துல தங்கிடுவோம். நாளைக்குக் காலைல கோட்டைக்கு வரப்போ இத எடுத்துக்கினு வா தம்பி. சக்கரத்துல சேறு ஒட்டிக்கிச்சு. ஈரத் துணியால தொடச்சு, நெழல்ல காய வெச்சுடு. அவ்ளோதான்."

அவர் கார் மறைந்ததும் மாமா என் தோளைப் பிடித்தார். "இதான்டா இன்டர்வியூ."

'அவ்ளோதான்' என்று ஒருவர் சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. துடைத்தேன். துடைக்கும்போது கட்டைவிரலால் ஒரு டயரை அமுக்கிப் பார்த்தேன். உள்ளே போயிற்று. அடுத்ததும் போயிற்று. நாலும் கொழகொழவென்று இருந்தன. சக்கரத்தைத் திருப்பினால், ஒவ்வொன்றின் பிளாஸ்டிக் வளையத்திலும் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை!

நாலு சக்கரமும் ஒன்றாகப் பஞ்சரான வண்டியை உலகத்தில் யாரும் பார்த்ததில்லை என்று எனக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் அந்த இடத்தில் என் மூளை இன்னொன்றும் சொன்னது: இதுதான் சோதனை. 'துடை' என்று சொன்னவர், பஞ்சரைக் கண்டுபிடிக்கிறேனா என்று பார்க்கிறார்.

காரை அணைத்துக்கொண்டு சலீமின் கடைக்குப் போனேன். சலீம் என்னோடு படித்தவன். பத்தாவதோடு நின்று, அவன் அத்தாவின் சைக்கிள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாடா இது, வால்வே காணோம்?" என்றான்.

"வால்வு விழுந்துட்டுது. அதான் ஓட்ட இருக்குது," என்றேன். படித்தவன் குரலில் சொன்னதால் அவனும் நம்பிவிட்டான்.

சக்கரங்களைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கினான். அமுக்கினால் குமிழி பொங்கியது. விட்டால் நின்றது. மறுபடி அமுக்கினால் மறுபடி பொங்கியது.

"பாத்தியா! காத்து போவுது!" என்று நான் குதித்தேன். அமுக்கி விடும்போதெல்லாம் அந்த டயர் தொட்டித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

கால்பந்துக்குக் காற்றடிக்கிற ஊசியை ஓட்டையில் சொருகி, சைக்கிள் பம்பால் நான் அடித்தேன். ஊசியை உருவிய வேகத்தில் சலீம் சொல்யூஷன் தடவிய ரப்பர்த் துண்டை வைத்து அழுத்தினான். நாலுக்கும் இதே வைத்தியம். கடைசியில் டயர்கள் எலுமிச்சம்பழம் போல விறைத்து நின்றன. தட்டினால் டங்கென்றது.

"கல்லு மாதிரி இருக்குது மச்சி," என்றான் சலீம். அந்த ஆண்டில் நான் மகிழ்ச்சியாக இருந்த கடைசி மாலை அது.

மறுநாள் கோட்டையில், ராஜகிரி மலையடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்து வெட்டவெளியில் கூடினோம். எஞ்சினியர் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் அணிந்திருந்தார். நைனா சலவை வேட்டியில் வந்திருந்தார். "எம் புள்ள நேத்தெல்லாம் டயரையே கட்டிக்கினு இருந்தான் சார்," என்று சிபாரிசு வேறு செய்தார். சுற்றுலா வந்த கூட்டமும், அதைப் பார்க்க வந்த குரங்குகளும் வட்டமாகச் சூழ்ந்தன.

எஞ்சினியர் விசையைத் தொட்டார். கார் புறப்படவில்லை, குதித்தது. ஒரு முழம் நகர்ந்து தவளைபோல இன்னொரு குதி. பிறகு, கள் குடித்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரி இடமும் வலமுமாக ஆடியபடி ஓடியது.

"என்னங்க, இதுக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள் எஞ்சினியரின் மனைவி.

அவர் முகம் சுருங்கியது. விசையை முழுவதுமாகத் தள்ளினார். கார் சுழன்று நேராக அவரை நோக்கி வந்தது. காலடிக்கு வரும்போது பின்சக்கரம் ஒன்று படீரென்று வெடித்து, டயர் மட்டும் வளையத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்தது. உள்ளேயிருந்த சைக்கிள் கடைத் தண்ணீர், துருவும் கிரீஸும் கலந்து, வெள்ளைக் கால்சட்டையிலிருந்து மூக்குக் கண்ணாடி வரை பீய்ச்சியடித்தது. பறந்த டயரை ஒரு குரங்கு பிடித்துக்கொண்டு மதில்மேல் ஏறிவிட்டது.

எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றினார். "காத்தடிச்சியா?"

"ஆமா சார். நாலுக்கும். ஒரே அளவா." (அந்த நேரத்திலும் மதிப்பெண் எதிர்பார்த்தேன்.)

"தம்பி, இதுக்குக் காத்தடிக்கவே வேணாம். உள்ள ஸ்பாஞ்சு இருக்குது, அதுதான் தாங்கும். டயர் அமுங்குறப்போ உள்ள இருக்கற காத்து வெளிய போய் வரத்துக்குத்தான் அந்த ஓட்ட. அது மூச்சு வுடுது. நீ மூக்க அடச்சிட்டியே!"

என் மாமா ஆகாயத்தைப் பார்த்தார். விசா அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று நான் கேட்டேன்: "ஸ்டெப்னி இல்லிங்களா சார்?"

மாமா என் காலை மிதித்தார்.

எஞ்சினியர் டயர் இழந்த சக்கரத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டையை அடைத்திருந்த ரப்பர்த் துண்டை நகத்தால் கிள்ளினார். வரவில்லை. சாவியால் நெம்பினார். அசையவில்லை.

"டயரே பிச்சிக்கினு போச்சு, இது நிக்குது," என்றார் மெதுவாக. "ஈரத்துல, பிளாஸ்டிக்கு மேல, இப்படி ஒருத்தன் பஞ்சர் ஒட்டி நான் பாத்ததில்ல. யாரு ஒட்டுனது?"

நான் வாயைத் திறக்கவில்லை. நைனாதான் திறந்தார். "நம்ம சலீமுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல கட. இட்டுக்கினு வரட்டுமா?"

கார்த்திகை பிறப்பதற்குள் சலீம் மஸ்கட் போய்ச் சேர்ந்தான். அவன் பெட்டியைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றியவன் நான்தான். அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். நட்புக்காக அழுதேன் என்று அவன் இன்றும் நம்புகிறான்.

எனக்குப் பிற்பாடு உள்ளூரிலேயே ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தது. சலீம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சென்ட்டு வாசனையோடு வருவான். அவன் வருகிற அன்று எங்கள் வீட்டில் பூரி போடுவார்கள். நன்றாக உப்பிய பூரிகள் அவன் தட்டுக்குப் போகும். ஓட்டை விழுந்து அமுங்கிப்போனதை என் தட்டில் வைப்பது அம்மா தொடங்கிய வழக்கம். சம்பவத்தைப் பார்க்கவே பார்க்காத என் மனைவி இப்போது அதைச் சிரத்தையாகத் தொடர்கிறாள்.

"இது மூச்சு வுடுற பூரிங்க. நோண்டாம அப்படியே சாப்பிடுங்க."