பதினேழாம் எண் ஞாபகசக்தி

மறதி என்னும் இருளிலிருந்து மனித குலம் நிரந்தர வெளிச்சத்துக்கு அடியெடுத்து வைத்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி காலை எட்டு பத்து. அந்த வரலாற்று நொடியில், மனித குலத்தின் சார்பில், தலைமை எழுத்தர் சமையலறை வாசலில் நின்று ஒரு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கி, அது தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டதால் இருமிக்கொண்டிருந்தார்.

"தண்ணி வெச்சுக்கிட்டுப் போட வேண்டியதுதானே?" என்று மனைவி அவர் முதுகில் தட்டினாள்.

"தண்ணி... எடுத்துக்க... மறந்துட்டேன்."

"சரி சரி. முதல் மாத்திரைதானே. போகப் போக ஞாபகம் வரும்."

ஊரிலேயே பெரிய மருத்துவமனையில் இருபத்தாறு வருடமாக எழுதிக் கொட்டியவர் அவர். மறதியும் ஏறக்குறைய அதே சர்வீஸ். ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு டீசல் கேட்டு எழுதிய கடிதம் அவருடைய சட்டைப் பையில் இரண்டு வாரம் இருந்து, சட்டையோடு சேர்ந்து இரண்டு முறை சலவையும் கண்டது. புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு அறுநூறு அழைப்பிதழ்கள் அனுப்பினார். திறந்து வைக்க வேண்டியவருக்கு அனுப்பவில்லை.

மருத்துவமனைக் கண்காணிப்பாளரான பெரிய டாக்டர் அவரைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"இன்னும் ஒரே ஒரு தடவை நீங்க எதையாவது மறந்தீங்கன்னா, பிணவறைப் பதிவேட்டுக்கு மாத்திடுவேன். அங்க நீங்க எதை மறந்தாலும் யாரும் எழுந்து வந்து கேக்க மாட்டாங்க."

பிணவறை, கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. பதிவேட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம். தலைமை எழுத்தர் அன்று மாலையே, மூன்று தெரு தள்ளியிருந்த ஆராய்ச்சி நிலையத்தின் படியேறிவிட்டார். ஞாபகசக்தி மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆட்கள் தேவை என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் அவருக்குப் பதினேழாம் எண் கொடுத்தாள்.

"பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையாம்" என்று மனைவியிடம் விளக்கினார். "யாருக்கு எதுன்னு ஒரு உறையில எழுதி ஒட்டி வெச்சிருக்காங்க. கொடுக்கிற பொண்ணுக்கே தெரியாது. அதுதான் விஞ்ஞானம்."

"அப்போ உங்களுக்கு மாவைக் கொடுத்திருந்தா?"

"என் முகத்தைப் பார்த்தா மாவைக் கொடுத்து ஏமாத்தத் தோணுமா?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்."

ஐந்தாம் நாளே மாத்திரை வேலையைக் காட்டியது. இரவுச் சாப்பாட்டில் கையை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"ஞாபகம் வருது! நம்ம கல்யாணத்தன்னிக்கு உங்கண்ணன் பழுப்புச் சட்டை போட்டுக்கிட்டு மேடைக்கு வந்து, 'மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம்தான்'னு நாலு பேர் முன்னாடி சொன்னாரே!"

"எங்கண்ணன் நம்ம கல்யாணத்துக்கே வரலைங்க. அம்மை போட்டுப் படுத்திருந்தான்."

"சட்டையில ஒரு பொத்தான் இல்லை. அதுகூட ஞாபகம் இருக்கு. உனக்கு மறந்து போச்சு, பாவம். நீயும் ஒரு எண் வாங்கிக்கோ."

அதோடு விடவில்லை. மச்சானுக்கு போன் போட்டு, இருபத்திரண்டு வருடத்து அவமானத்துக்கு விளக்கம் கேட்டார். பொத்தான் வரைக்கும் இவர் அடுக்கிய அடுக்கில் மச்சானுக்கே, ஒருவேளை அம்மையோடு எழுந்து வந்திருப்போமோ என்று சந்தேகம் தட்டிவிட்டது. பேசாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

"பார்த்தியா?" என்றார் தலைமை எழுத்தர்.

மாத்திரை ஞாபகத்தை வளர்க்கிறதா என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். சந்தேகத்தை வேரோடு பிடுங்கிவிட்டது என்பதை மட்டும் மறுக்க முடியாது.

இதே சமயத்தில் மருத்துவமனையும் முன்னேறிக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் புதுக் கம்ப்யூட்டரைத் தொடங்கி வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். "தாள் கிழியும், கரையான் அரிக்கும், தவறு செய்யும். கம்ப்யூட்டர் தவறே செய்யாது. இனி இந்த வளாகத்தில் ஒரு துண்டுத் தாளுக்கும் இடமில்லை." இதை அவர் ஒரு துண்டுத் தாளைப் பார்த்துப் படித்தார். மறுநாள் பதிவேடுகள் முழுவதும் பழைய பேப்பர்க்காரர் வண்டியில் ஏறிப் போயின.

நான்காவது வாரம் புதன்கிழமை மாலை கம்ப்யூட்டர் நின்றது. தவறு எதுவும் செய்யவில்லை. வேறு எதுவும் செய்யவில்லை. திரையில் ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. விற்ற கம்பெனிக்காரர் போனில் இரண்டு மணி நேரம், "ஒருதரம் அணைச்சுப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாக வாக்களித்தார்.

மறுநாள் பதினான்கு அறுவை சிகிச்சைகள். யாருக்கு, எந்த இடத்தில் என்ற பட்டியல் அந்த வட்டத்துக்குப் பின்னால் இருந்தது.

பெரிய டாக்டர் வியர்த்துக்கொண்டு நின்றபோது தலைமை எழுத்தர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் இருக்கேன் சார். பட்டியலை ஏத்தினதே நான்தானே. அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது."

"நிஜமாவா?"

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி பார்த்தவன் சட்டைப் பொத்தானே ஞாபகம் இருக்கு சார். இது நேத்து ஏத்தினது."

கரையில் நிற்கிறவனுக்குத்தான் கட்டையா முதலையா என்று பார்க்கத் தோன்றும். பெரிய டாக்டர் நடு ஆற்றில் இருந்தார். "ஒவ்வொரு வார்டா ஓட நேரமில்லை. மைக்ல சொல்லுங்க, எல்லா வார்டும் ஒரே சமயத்துல எழுதிக்கட்டும்" என்றார். அந்த யோசனை அவருடையதுதான் என்பதை இங்கே பதிவு செய்துவிட வேண்டும்.

தலைமை எழுத்தர் கண்ணை மூடிக்கொண்டு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே போனார். கட்டில் மூன்று, குடலிறக்கம். கட்டில் ஐந்து, பித்தப்பைக் கல். கட்டில் பதினொன்று, வலது முழங்கால். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. எழுதிக்கொண்ட நர்ஸ்கள் ஒருவரையொருவர் பார்த்து வியந்தார்கள்.

காலை ஏழு மணிக்குப் பதினோராம் கட்டிலிலிருந்து கூச்சல் கேட்டது. கட்டிலில் இருந்தவர் லாரி ஓட்டுநர். காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"காதுல ஓட்டைன்னு வந்தேன். காலை எதுக்குய்யா சவரம் பண்றீங்க?"

"காதுக்கும் காலுக்கும் நரம்பு போகுது, சும்மா இருங்க" என்று வார்டு ஊழியர் சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

தலைமை நர்ஸ் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். "சார், பதினொண்ணு முழங்கால் இல்லையாம்!"

தலைமை எழுத்தர் அசரவில்லை. "பக்கத்துக் கட்டிலோட மாறியிருக்கும்" என்று மைக்கைப் பிடித்தார். "ஒரு சின்னத் திருத்தம். முழங்கால், பன்னிரண்டாம் கட்டில்."

பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தவர் நோயாளியே இல்லை. மாமனாருக்குத் துணைக்கு வந்த மருமகன். மாமனார் குளியலறைக்குப் போன நேரத்தில் கொஞ்சம் கட்டையைச் சாய்த்தவர், விழித்தபோது சக்கரப் படுக்கையில் போய்க்கொண்டிருந்தார்.

"ஐயோ, நான் மருமகன்! மருமகன்!" என்று கத்தினார்.

"எல்லாரும் யாரோ ஒருத்தருக்கு மருமகன்தான். அசையாம வாங்க."

மாமனார் நல்ல வேளையாக எதிரே வந்தார். மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்து, கொஞ்ச நேரம் யோசித்து, பிறகுதான் தடுத்தார்.

இன்னொரு திருத்தம் ஒலிபரப்பானது. அதில் குழந்தைகள் வார்டுக்கு ஒரு கண்புரை போய்ச் சேர்ந்தது. அதைத் திருத்தியதில் பிரசவ வார்டுக்குக் குடலிறக்கம் வந்தது. தலைமை நர்ஸ் மறுபடி மூச்சிரைக்க வந்தார்.

"சார், மொத்தம் பதினாலு சொன்னீங்க. எழுதினது பதிமூணுதான் இருக்கு. ஒருத்தர் விட்டுப்போச்சு."

தலைமை எழுத்தர் கண்ணை மூடினார். நெற்றி சுருங்கியது. பிறகு முகம் மலர்ந்தது. மைக் திறந்தே இருந்தது.

"ஆ! வந்துடுச்சு! தனி அறை ஒண்ணு. மூலம். நம்ம பெரிய டாக்டர்தான். வெளியே தெரியக் கூடாதுன்னு வேற பேர்ல ஏத்தச் சொன்னார்."

மூன்று மாடிகளிலும் ஒரு அமைதி பரவியது. லாரி ஓட்டுநர்கூடக் காலை விட்டுவிட்டார்.

அவர் ஒப்பித்த அத்தனையிலும் அவருக்குச் சரியாக நினைவிருந்தது அது ஒன்றுதான்.

அந்த அமைதியில் தலைமை நர்ஸுக்கு ஒரு யோசனை தோன்றியது. கட்டில் கட்டிலாகப் போய், "உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்று நோயாளிகளையே கேட்டார். சொன்னதை டாக்டர்கள் ஒருமுறை தொட்டுப் பார்த்துச் சரி என்றார்கள். இருபது நிமிடத்தில் பட்டியல் தயார். கடைசி ஆள் கேன்டீனில் இருந்தார். இது மருத்துவ அறிவியல் ஆதியிலிருந்தே அறிந்த முறை. இடையில் மறந்திருந்தது.

பெரிய டாக்டர் தன் அறையில் நின்றுகொண்டே பேசினார். உட்காராததற்குக் காரணம் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

"நாளைக்குக் காலையில நீங்க கீழ போறீங்க."

"சார், என் மேல தப்பே இல்லை சார். மாத்திரை மேல தப்பு." தலைமை எழுத்தர் ஆராய்ச்சி நிலையம், உறை, மாவு எல்லாவற்றையும் கொட்டினார். "ஞாபகம் ரொம்ப வேகமா வளர்ந்துடுச்சு சார். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிச்சு."

பெரிய டாக்டர் யோசித்தார். மேலிடத்துக்கு அவரும் விளக்கம் எழுதியாக வேண்டும். கம்ப்யூட்டரைப் பற்றி எழுதினால் அந்த முக்கால் மணி நேரப் பேச்சு நினைவூட்டப்படும். ஒரு மாத்திரையைப் பற்றி எழுதுவது கௌரவமாக இருக்கும்.

"சரி, வாங்க போய் உறையைப் பிரிக்கச் சொல்லுவோம். நிஜ மாத்திரைன்னா அவங்க மேல தப்பு. நானே எழுதித் தரேன், உங்க நாற்காலி உங்களுக்கு. வெறும் மாவுன்னா உங்க மேல தப்பு. நேரா பிணவறை."

மூன்று தெருவையும் இருவரும் நடந்தே கடந்தார்கள். ஒருவருக்கு உட்கார முடியாது, இன்னொருவருக்கு உட்காரப் பொறுமையில்லை. ஆராய்ச்சி நிலையத்துக் கவுண்டர்ப் பெண் தலைமை எழுத்தரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நீங்களா! வாரா வாரம் பரிசோதனைக்கு வாங்கன்னு அத்தனை தடவை சொன்னேனே சார். ஒரு வாரம்கூட வரலையே?"

"வரச் சொன்னீங்களா?"

"நீங்க எழுதிக் கொடுத்த நம்பருக்கு போன் பண்ணினா யாரோ ஒரு அம்மா எடுத்து, 'ராங் நம்பர்'னு திட்டறாங்க. நான் வேற என்னதான்—"

"அதெல்லாம் அப்புறம்" என்றார் பெரிய டாக்டர். "முதல்ல இவர் உறையைப் பிரிங்க."

"ஆபத்து வந்தாதான் பிரிக்கலாம்னு விதி, டாக்டர்."

"பதினாலு பேருக்கு வந்தது."

அவள் உள்ளே போய் நிலையத் தலைவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பதினேழாம் எண் உறையுடன் வந்தாள். ஓரத்தைக் கிழித்தாள். தலைமை எழுத்தர் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான்கு வருடம், ஜன்னல் இல்லாத அறை.

அவள் சீட்டை விரித்துப் படித்தாள்.

"பதினேழு... நிஜ மாத்திரைதான்."

தலைமை எழுத்தர் விட்ட மூச்சில் கவுண்டர் மேலிருந்த தாள் ஒன்று பறந்தது. "நான் சொல்லலை? சார், நான் சொல்லலை?" முகத்தில் வெயில் பட்டதுபோல் இருந்தது. மனைவிக்கு உடனே போன் செய்ய வேண்டும், மாவாம் மாவு.

பெரிய டாக்டர் பேனாவைத் திறந்து, கவுண்டரிலேயே குனிந்து, 'மேற்படி நிஜ மாத்திரையை ஒரு மாதம் உட்கொண்டதன் விளைவாக' என்று எழுதத் தொடங்கினார்.

"அப்படி எழுதிடாதீங்க டாக்டர்" என்றாள் அந்தப் பெண். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "சீல்கூடப் பிரிக்கலை பாருங்க. அன்னிக்கு இதை இங்கேயே மறந்து வெச்சுட்டு, எங்க வாட்ச்மேனோட வாயு மாத்திரையை எடுத்துட்டுப் போயிட்டார்."