நாட்றாம்பாளையத்துக்கு மாற்றலான நம்பிக்கை

எங்கள் சிறுதொழிற்பேட்டைக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் அதிகாரிகள் மறுப்பு அறிக்கை விடுவார்கள்.

முதலாவது, சாக்கடை கேட்டோம். கட்டிக் கொடுத்தார்கள், சாலையைவிட ஒரு முழம் உயரமாக. இரண்டாவது, பேருந்து கேட்டோம். நிழற்குடை வந்தது. பேருந்து இன்றுவரை வரவில்லை. மூன்றாவது, மின்வெட்டைக் கண்டித்து ஊர்வலம் போனோம். அன்று மட்டும் மின்சாரம் நிற்காமல் வந்தது. வதந்தி பரப்பியதாக எங்கள்மேல் வழக்கும் வந்தது. நான்காவதாக வந்ததுதான் சமூக மூலதனம்.

கொண்டுவந்தவர் ராஜசேகர், வட்டாரப் புத்தாக்க வாரியத்தின் நம்பிக்கை வளர்ச்சி அலுவலர். பத்துப் பேர் ஒருவரையொருவர் நம்பி, பேசிப் பழகி, கொடுத்து வாங்கினால் அந்த வட்டாரத்தில் புதுப்பொருள் பிறக்கும். அந்த நம்பிக்கைக்குத்தான் இந்தப் பெயர் என்று விளக்கினார். "உங்களிடம் அது இருக்கிறதா?" என்று பட்டறை பட்டறையாகக் கேட்டார்.

இருந்தது. லால் பாஷாவின் டீக்கடை பெஞ்சில் இருந்தது. எங்கள் பேட்டையில் வேலை சிக்கிக்கொண்டால், அந்த உருப்படியைக் கொண்டுபோய் பெஞ்சில் வைத்துவிட்டு டீ சொல்வது வழக்கம். யாரையும் கேட்க வேண்டாம். டீ ஆறுவதற்குள் நாலு தலை அதன்மேல் கவிழும். எல்லையோர ஊர் என்பதால் தமிழில் ஒருவர் திட்டுவார், கன்னடத்தில் ஒருவர் சிரிப்பார், தெலுங்கில் ஒருவர் வழி சொல்வார்.

பேச்சியம்மாளின் கருவி அப்படிப் பிறந்ததுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இரும்பு கடையும் ஒற்றை லேத் எந்திரத்தோடு பட்டறை நடத்துகிறவர். ரோஜாக் காம்பில் முள் சீவும் கருவி செய்தார். ஸ்பிரிங் பக்கத்துப் பட்டறை ஷோயப் கொடுத்தது, ரப்பர் உருளை எதிர்ப் பட்டறை மணி கொடுத்தது. பாகலூர் பூந்தோட்டக்காரர்கள் வாங்கக் காத்திருந்தார்கள். ஒரே குறை, முள்ளோடு காம்பும் நசுங்கியது. அதைச் சரிசெய்யத்தான் கருவி தினமும் பெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தது.

"லால் பாஷாவை நம்புகிறீர்களா?" என்று ஆய்வில் கேட்டபோது எல்லோரும் மார்தட்டினோம்.

"கூடப் பொறந்தவன் மாதிரி சார்" என்றார் மணி.

"என் பட்டறைச் சாவியே அவர்கிட்டதான் இருக்கு" என்றார் ஷோயப்.

சங்கத் தலைவர் அண்ணாதுரை, "உயிரையே கொடுப்போம்" என்றார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மேற்படி பேட்டையில் நம்பிக்கை உபரியாகக் காணப்படுகிறது. அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்தில் பற்றாக்குறை நிலவுகிறது. ஆகவே வட்டாரச் சமநிலை கருதி, மேற்படி டீக்கடை, பெஞ்சு உட்பட, அவ்விடத்துக்கு மாற்றப்படுகிறது.

கொதித்து எழுந்தோம். கடை முன்னாலேயே விசாரணைக் கூட்டம் நடந்தது.

"அங்க பட்டறையே இல்லையே சார். யானைதானே வரும்?" என்றார் லால் பாஷா.

"பட்டறை பிறகு வரும். முதலில் நம்பிக்கை போய்ச் சேர வேண்டும்" என்றார் ராஜசேகர்.

"யானை நம்பணுமே சார்?"

"அது வனத்துறை."

பேச்சியம்மாள் கருவியைத் தூக்கிக் காட்டினார். "இந்தப் பெஞ்சு போச்சுன்னா இது பாதியிலயே நிக்கும் சார். தோட்டக்காரங்க வேற ஆளப் பாத்துப் போயிருவாங்க."

ராஜசேகருக்குக் கருணை பிறந்தது. "விதியில் வழி இருக்கிறது. இவரை நம்புகிறோம் என்று பத்துப் பேர் முன்வந்து நின்றால் அது கூட்டு நம்பிக்கை. அதை இடம் மாற்ற முடியாது. கடை இங்கேயே இருக்கும். பத்துக்குக் குறைந்தால் அது தனிநபர் நம்பிக்கை. நம்பிக்கைக்கு இரண்டு முனை உண்டல்லவா? ஆகவே முன்வந்தவரும் தம் பட்டறையோடு நாட்றாம்பாளையம் போக வேண்டும்."

நாங்கள் நாற்பது பேர் நின்றிருந்தோம். பத்துப் பேர் போதும்.

"மணி, கூடப் பிறந்தவன் என்றீர்களே?" என்றார் ராஜசேகர்.

"கூடப் பொறந்தவனையே நான் நம்புறதில்ல சார்."

"ஷோயப்?"

"சாவிதான் சார் குடுத்தேன். பூட்டு என்கிட்டதான் இருக்கு."

அண்ணாதுரை தொண்டையைச் செருமினார். "உயிரைக் கொடுப்போம் என்றுதான் சொன்னோம். நாட்றாம்பாளையம் போவோம் என்று எங்கும் சொல்லவில்லை."

நான் "முன்வருவோம்! முன்வருவோம்!" என்று முழக்கம் எழுப்பினேன், நின்ற இடத்திலிருந்தே. கூட்டமும் திருப்பி முழங்கியது, நின்ற இடத்திலிருந்தே.

லால் பாஷா அடுப்பைத் தணித்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சியம்மாள் முன்னே போய் நின்றார். "நான் நம்புதேன். எழுதிக்கிடுங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இன்னும் ஒம்பது பேருதான் வேணும். வாங்க அண்ணாச்சி. என்ன, சும்மா நிக்கிய?"

பத்தாவது ஆளாகப் போக எல்லோரும் தயாராக இருந்தோம். இரண்டாவது ஆள்தான் கிடைக்கவில்லை.

ராஜசேகர் பொறுத்துப் பார்த்தார். "சரி, ஒருவர்தான். உத்தரவை உறுதிசெய்யச் சாட்சிகள் வேண்டும். சாட்சிகள் எங்கும் போக வேண்டியதில்லை."

அவ்வளவுதான், எங்கள் கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. யாரும் யாரோடும் கலந்து பேசவில்லை. இப்படிப்பட்ட ஒற்றுமையை இந்த வட்டாரத்திலேயே கண்டதில்லை என்று ராஜசேகர் நெகிழ்ந்து போனார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாட்றாம்பாளையம் போக வேண்டியவர் பெயரை எங்கள் எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்:

"பேச்சியம்மாள்."